பணியாரம் நெஞ்சுலயே நிக்குது டாக்டர்!

கேள்வி: எங்க அப்பத்தாவுக்கு 68 வயசு, ஊரு தேவகோட்டை பக்கம். ரெண்டு மூணு மாசமா சாப்பாடு நெஞ்சுல நிக்குதுங்கறாக. மொதல்ல வெள்ளைப் பணியாரந்தான் அடைக்குதுன்னாக, தண்ணி குடிச்சா எறங்கிரும், இப்ப குழைஞ்ச சோறே எறங்க மாட்டேங்குது, கஞ்சியும் மோருமாத்தான் ஓடுது. ஆளும் எளைச்சுட்டாக, வளையல் முழங்கை வரைக்கும் ஏறுது. அப்பச்சி என்னடான்னா "கேஸ்தான், காரத்தைக் கொறைங்க"ன்னு சொல்றாக. வெத்தலை போயிலைப் பழக்கம் உண்டு. டாக்டர்கிட்ட காட்டணுமா?

பதில்: காட்டணும், இந்த வாரமே. காரத்தைக் கொறைச்சுப் பாத்துட்டு போலாம்னு இருக்காதீங்க. மொதல்ல பணியாரம், அப்புறம் சோறு, இப்ப கஞ்சி மட்டும்னு எழுதிருக்கீங்கள்ல, எனக்கு அந்த வரிசைதான் முக்கியம். உணவுக்குழாய் உள்ளுக்குள்ள நாளுக்கு நாள் சுருங்கிட்டு வந்தாத்தான் இப்படிப் போகும். வயசு, எடை கொறையறது, போயிலை மூணும் சேந்துருக்கதால கேன்சரா இல்லையான்னு மொதல்ல பாத்துரணும். அதுதான்னு நான் சொல்லலை, வருஷக்கணக்கா அமிலம் மேல ஏறி புண்ணாகி தழும்பானாலும் குழாய் சுருங்கும், அதை பலூன் வச்சு விரிச்சுவிட்டு அமிலத்தைக் கொறைக்க மாத்திரை குடுத்தா பெரும்பாலும் நல்லா சாப்பிட ஆரம்பிச்சிருவாக.

இதைப் பாக்க வாய் வழியா கேமரா வச்ச மெல்லிசு குழாயை உள்ள விட்டு எண்டாஸ்கோபி பண்ணுவாங்க, அந்தப் பேரைக் கேட்டதும் பெரியவுக மெரண்டுருவாக. வெறும் வயித்துல போகணும், தொண்டை மரத்துப்போக ஸ்ப்ரே அடிப்பாங்க, சில நிமிஷத்துல முடிஞ்சிரும், சந்தேகமா இருந்தா அப்பவே துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிருவாங்க. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலயே இதுக்கு தனிப் பிரிவு இருக்கு. கேன்சர்னே வந்தாலும் சீக்கிரம் பிடிச்சா ஆபரேஷன், ரேடியேஷன், கீமோன்னு வழி இருக்கு, முத்திப்போனா கூட குழாயை விரிச்சு வைக்கிற ஸ்டென்ட்ங்கிற வலைக்குழாய் வச்சு சாப்பாடு எறங்க வழி பண்ணலாம்.

தண்ணி, சோறு ரெண்டுமே ஆரம்பத்துலேருந்து ஒண்ணாவே நின்னா கதை வேற. குழாயோட அடிவாசல் தளராத அக்கலேசியாவா இருக்கலாம், அதுக்கு பேரியம்ங்கிற மருந்துக் கரைசலைக் குடிக்க வச்சு எடுக்குற எக்ஸ்ரே, குழாய்க்குள்ள அழுத்தத்தை அளக்குற மானோமெட்ரின்னு பாப்பாங்க. முழுங்குன உடனே இருமல் வந்தா, மூக்கு வழியா வந்தா நரம்புக் கோளாறு, பக்கவாதம் வந்தவுகளுக்கு அப்படி ஆகும்.

அதுவரைக்கும் நிமிந்து உக்காந்து கொஞ்சங்கொஞ்சமா குடுங்க, அடைச்சா வாழைப்பழத்தை வச்சு தள்ளுறேன்னு மட்டும் பண்ணாதீங்க. எச்சியக்கூட முழுங்க முடியாம துப்பிட்டே இருந்தா வாரமெல்லாம் இல்ல, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க.