கேள்வி நேரம்: கோபத்தை எந்த முகவரிக்கு அனுப்புவது?

கேள்வி: நான் விசைத்தறி ஓட்டிப் பிழைப்பவன், வயது ஐம்பத்தெட்டு. இதுவரை ஒரு தேர்தலிலும் வாக்களிக்காமல் இருந்ததில்லை. எங்கள் ஊருக்குச் சென்ற ஆண்டு போட்ட தார்ச்சாலை, ஐப்பசி மழை ஒன்றுக்கே பெயர்ந்துவிட்டது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஒப்பிட்டு (போளி) மாதிரி மடிந்து கையோடு வருகிறது. கேட்டால் ஒவ்வொருவரும் தனக்கு மேலே இருப்பவரைக் கைகாட்டுகிறார்கள். மேலே இருப்பவர்களோ நேற்றுத் திட்டியவரையே இன்று கும்பிட்டுக்கொண்டு கட்சி மாறுகிறார்கள். செய்தித்தாள் வாங்குவதை நிறுத்திவிட்டேன். இனி வாக்களிக்கவும் போவதில்லை. தவறா?
— விசைத்தறியாளர், பல்லடம் வட்டம்

பதில்: செய்தித்தாளை நிறுத்தியதில் தவறில்லை. நானும் சில மாதம் அப்படி இருந்து பார்த்தேன். தூக்கம் நன்றாகவே வந்தது. வாக்கை நிறுத்துவதற்கு முன் நம் பக்கத்தில் நடந்த ஒன்றை நினைத்துப் பாருங்கள்.

1996 சட்டமன்றத் தேர்தலின்போது, தங்கள் கோரிக்கைகளை எந்த ஆட்சியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்ற ஆத்திரத்தில், ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சித் தொகுதியில் விவசாயிகள் கூட்டம் கூட்டமாகப் போய் வேட்புமனு கொடுத்தார்கள். கடைசியில் களத்தில் நின்றவர்கள் 1,033 பேர். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத் தைக்க வேண்டியிருந்தது, வாக்குப்பதிவே தள்ளிப்போனது. நாடு முழுவதும் நம்மைப் பற்றிப் பேசினார்கள். முடிவில் வென்றவர் திமுக வேட்பாளர் சுப்புலட்சுமி ஜெகதீசன். ஒரு வாக்குகூட விழாத வேட்பாளர்களும் இருந்தார்கள். அதாவது தம் பெயருக்கு நேரே தாமே முத்திரை குத்தாதவர்கள். அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, சட்டமன்றத் தேர்தலுக்கான டெபாசிட் தொகையை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக்கினார்கள். இன்று அது 10,000 ரூபாய். அந்த விவசாயிகளின் கோபம் நியாயமானது, அதில் ஒரு அழகும் இருந்தது. ஆனால் கோபப்படுவதற்கான கட்டணம் இருபது மடங்கு ஏறியதுதான் மிச்சம்.

ஆயிரம் பேர் வந்து நின்றதற்கே அதுதான் பலன் என்றால், நீங்கள் ஒருவர் வராமல் இருப்பதை யார் கவனிக்கப்போகிறார்கள்? வாக்குச்சாவடி முகவர் தம் பட்டியலில் உங்கள் பெயரை அடிக்காமல் விடுவார், அவ்வளவுதான். நிற்பவர் ஒருவரையும் பிடிக்கவில்லை என்றால் 2013 முதல் நோட்டா இருக்கிறது. அதனால் யாருடைய வெற்றியும் தடைபடாது. வெறும் பெருமூச்சுதான், ஆனாலும் எண்ணிக்கையில் சேருகிற பெருமூச்சு.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் சாலைதான். ஒப்பந்தப் பணி எதுவானாலும் நீளம், அகலம், கனம் எல்லாவற்றையும் அளந்து எழுதும் அளவுப் புத்தகம் ஒன்று உண்டு. அலுவலகத்தில் 'எம் புக்' என்பார்கள். அதில் பொறியாளர் கையெழுத்திட்ட பிறகுதான் பில் பாஸாகும். உங்கள் சாலைக்கும் அப்படி ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி ஒரு மனு எழுதி, 10 ரூபாய் நீதிமன்ற வில்லையை ஒட்டி, மதிப்பீடு, ஒப்பந்தம், எம் புக் ஆகியவற்றின் நகல்களையும், ஒப்பந்தக்காரர் எத்தனை ஆண்டு சாலையைப் பராமரிக்கக் கடமைப்பட்டவர் என்ற விவரத்தையும் கேளுங்கள். பலருக்குத் தெரியாத இன்னொன்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது: நடந்த வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் குடிமகனுக்கு உரிமை உண்டு. கையோடு வருகிறது என்கிறீர்களே, அந்தத் துண்டையே முறைப்படி கேட்டு வாங்கலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு.

மனுப் போட்டதும் எல்லாம் நடந்துவிடும் என்று ஆசை காட்ட மாட்டேன். எங்கள் தெருவில் இடிந்த சிறுபாலம் ஒன்றுக்காக நானும் மனுப் போட்டேன். முதலில் 'கோப்பு தேடப்பட்டு வருகிறது' என்று ஒரு வரிப் பதில் வந்தது. பிறகு மௌனம். ஆணையத்தில் விசாரணைக்கு நாள் குறித்த கடிதம் வந்த மறுவாரம், ஒரே இரவில் பாலத்தைக் கட்டி முடித்திருந்தார்கள். காலையில் பால் ஊற்றப் போனவர் ஈரச் சிமெண்டில் காலை வைத்துவிட்டார் என்று சண்டை வேறு. கோப்பு இன்றுவரை கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடியும் முன்பே ஊராட்சித் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசியல் சட்டம். நம் மாவட்டங்களில் 2016 அக்டோபரில் காலம் முடிந்தும் 2019 டிசம்பர் வரை தேர்தல் நடக்கவில்லை. அப்போது தேர்வானவர்களின் காலமும் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்து, ஊராட்சிகள் மறுபடி தனி அலுவலர்கள் கைக்குப் போயின. டெல்லிக்காகவும் சென்னைக்காகவும் டீக்கடையில் சட்டையைப் பிடித்துக்கொள்கிறவர்களை அன்றாடம் பார்க்கிறேன். சொந்த ஊருக்குத் தலைவர் இல்லையே என்று ஒருவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

கேள்வி: பணத்தை வாங்கிக்கொண்டு மனசாட்சிப்படி வாக்களித்தால் என்ன? அவர்கள் கொள்ளையடித்த நம் பணம்தானே?
— இல்லத்தரசி, காங்கேயம்

பதில்: கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் சட்டப்படி குற்றம், ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. 2016இல் பணம் விளையாடியதால்தான் அரவக்குறிச்சித் தேர்தலையே தேர்தல் ஆணையம் நிறுத்திவைத்து நவம்பரில் நடத்தியது. சட்டத்தை விடுங்கள் அம்மா. கொடுப்பவர் கையில் வீடு வாரியாகக் கணக்கெழுதும் நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கும். நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது அதில் ஏறாது, வாங்கினீர்கள் என்பது மட்டும் ஏறும். குழாயில் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று நீங்கள் போய் நிற்கும்போது, "அதான் அன்னைக்கே குடுத்தாச்சுங்களே அக்கா" என்று மரியாதையாகவே சொல்வார்.

கேள்வி: குளங்களுக்கு நீர் நிரப்பும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் எந்தக் கட்சியின் சாதனை? வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்வதில்லை.
— கல்லூரி மாணவி, அன்னூர்

பதில்: அரை நூற்றாண்டுக்கு மேல் எல்லோருடைய வாக்குறுதியாகவும் இருந்தது. 2016 பிப்ரவரியில் அவிநாசியில் உண்ணாவிரதம் இருந்தவர்களுக்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. அதிமுக ஆட்சியில் 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். திமுக ஆட்சியில் 2024 ஆகஸ்ட் 17 அன்று திறந்தார்கள். செலவு ஏறத்தாழ 1,916 கோடி ரூபாய், நிரப்ப வேண்டிய நீர்நிலைகள் 1,045. பவானி ஆற்றின் உபரி நீரைக் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து ஏற்றுகிறார்கள். உபரி இல்லாத ஆண்டில் மோட்டாரும் இல்லை. அப்பாவையும் சித்தப்பாவையும் ஒரு நாள் ஒன்றாக உங்கள் ஊர்க் குளக்கரைக்குக் கூட்டிப் போங்கள். குழாய் வாயில் தண்ணீர் எத்தனை நாள் வந்தது, குளம் எதுவரை நிரம்பியது என்று ஆடு மேய்ப்பவரிடம் மூவரும் சேர்ந்து கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.