பதில்: ரப்பர் டாங்கியைக் காட்டும் தம்பிக்கு என்ன சொல்வது?

வணக்கம். இரண்டாம் உலகப்போரில் எதிரியை ஏமாற்ற வைத்த, காற்றடைத்த ரப்பர் பொம்மை டாங்கிகளின் படங்களைக் காட்டி, "ராணுவமே இப்படி ஏமாற்றியிருக்கிறது, நிலவில் இறங்கியதும் நாடகம்தான்" என்று உங்கள் தம்பி சொல்வதாக எழுதியிருந்தீர்கள்.

முதலில், அந்த ஏமாற்று உண்மைதான் என்று ஒப்புக்கொள்ளுங்கள். மறுத்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். அப்புறம் அது எப்படி நடந்தது என்று சேர்ந்து பாருங்கள். 1944இல் நேச நாடுகள் (பிரிட்டன், அமெரிக்கா முதலியவை) பிரான்ஸின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கத் திட்டமிட்டு, அதே நாட்டின் கலே பகுதியில் இறங்கப்போவதாக ஜெர்மனியை நம்பவைத்தன. அமெரிக்க ஜெனரல் பேட்டன் தலைமையில் இருப்பதாகக் காட்டிய, உண்மையில் இல்லாத ஒரு படை, பொம்மைப் படகுகள், போலி வானொலிச் செய்திகள் எல்லாம் இருந்தன. இதில் பெரிய பங்கு 'கார்போ' என்ற இரட்டை உளவாளிக்கு. தனக்குக் கீழே 27 ஒற்றர்கள் இருப்பதாக ஜெர்மானியரை அவர் நம்பவைத்தார். ஒருவர்கூட உண்மையில் இல்லை!

ஆனால் ஏமாற வேண்டியது ஜெர்மன் தலைமை மட்டும்தான். அதுவும் சில மாதங்களுக்கு. நேரில் போய்ச் சோதிக்க அவர்களுக்கு வழியும் இல்லை.

நிலவு விஷயம் அப்படியா? அப்போலோ 11 பயணத்தில் நிலவில் வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான் (ஒளியை வந்த வழியே திருப்பியனுப்பும் கருவி) மீது இன்றும் விஞ்ஞானிகள் லேசர் பாய்ச்சித் தூரம் அளக்கிறார்கள். ஆறு பயணங்களில் வந்த 382 கிலோ கல்லையும் மண்ணையும் பல நாட்டு ஆய்வகங்கள் சோதித்திருக்கின்றன. போட்டியாளரான சோவியத் ஒன்றியமும் மறுக்கவில்லை.

"இந்த ஏமாற்று யாருக்காக, எத்தனை நாளைக்கு, யாரால் சோதிக்க முடியும்?" என்று தம்பியிடமே கேளுங்கள். நான்கு பேர் முன்னால் வேண்டாம், தனியாக இருக்கும்போது கேளுங்கள்.