தத்தெடுத்த குழந்தையைப் பாலக்காட்டில் எங்கே அழைத்துச் செல்லலாம்?

வெளிநாட்டில் வாழும் நீங்கள், பாலக்காட்டில் தத்தெடுத்த நான்கு வயது மகளுடன், அவளுடைய கடவுச்சீட்டுக்காகக் காத்திருக்கும் நாட்களில் எங்கெல்லாம் சுற்றிப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் சில நாட்கள் எங்கும் செல்ல வேண்டாம் என்பதே என் கருத்து. எந்த இடத்தையும்விட, தினமும் அவளுக்குச் சோறு ஊட்டும் உங்கள் கைதான் அவளுக்கு முதலில் பழக வேண்டும்.

அதன்பின், 1766-இல் ஹைதர் அலி கட்டிய பாலக்காட்டுக் கோட்டையே போதும். கொழிஞ்சாம்பாறையில் வசிக்கும் நாங்கள், என் தம்பி தத்தெடுத்த மகளை அங்கே அழைத்துச் சென்றபோது, அவள் கோட்டையை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவனுடைய சுண்டுவிரலைப் பிடித்தபடி அகழி நீரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ‘வெள்ளம்’ என்றாள். அகழியைத்தான் சொல்கிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, அவளோ மலையாளத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறாள். உதடு காய்ந்திருந்ததைப் பார்த்த பிறகே எங்களுக்குப் புரிந்தது. ஆகவே, உங்கள் மகள் அன்றாடம் பேசும் சொற்களை, அவள் இருந்த குழந்தைகள் இல்லத்துப் பணியாளர்களிடம் கேட்டு, தமிழ் எழுத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மலம்புழா அணைப் பூங்காவுக்கு வாரநாளில் செல்லுங்கள். விடுமுறை நாள் கூட்டம் அவளை மிரட்டும். மாநில எல்லையான வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூர் செல்வதானால், தத்தெடுப்பு உத்தரவின் நகல் கையிலிருக்கட்டும்.