திங்க் டேங்க் டைரக்டர் ஆக இரண்டு லட்சம் கட்டலாமா?

கேள்வி: என் மகள் சென்னையில் எம்.ஏ. சர்வதேச உறவுகள் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். டெல்லியில் இருக்கும் வெளியுறவுக் கொள்கை திங்க் டேங்க் (கொள்கை ஆய்வு நிறுவனம்) ஒன்றுக்கு டைரக்டர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. ஒரு கன்சல்டன்சியில் 'பாலிசி ஃபெலோஷிப்' என்று ஆறு மாதப் பயிற்சி தருகிறார்கள். அதை முடித்தால் பத்து வருடத்தில் டைரக்டர் மட்டத்துக்குப் போகலாம் என்கிறார்கள். திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் டெல்லியில் டைரக்டர் ஆனதை உதாரணம் காட்டுகிறார்கள். கட்டணம் இரண்டு லட்சம். பதினைந்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமா? (ஒரு தந்தை, கரூர்)

பதில்: கட்டாதீர்கள். காரணம் அடுத்து வருகிறது. அதைப் படிக்க நேரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பணத்தை மட்டும் கட்டாதீர்கள்.

டைரக்டர் பதவி என்பது படிப்படியாக ஏறிப் பிடிக்கிற பதவி உயர்வு இல்லை. நம் நாட்டில் அது பெரும்பாலும் ஒருவரின் இரண்டாவது வாழ்க்கை. முதல் வாழ்க்கையை வேறு எங்கோ, அநேகமாக அரசாங்கத்தில், முடித்துவிட்டு வந்து உட்காருகிறார்கள். பாதுகாப்பு அமைச்சகத்தின் நிதியில் நடக்கும் ஐ.டி.எஸ்.ஏ. என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1965-ல் தொடங்கியது, இப்போது முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் பெயரில் இருக்கிறது. முதல் டைரக்டர் சோம் தத் ராணுவ மேஜர் ஜெனரல். அடுத்து வந்த சுப்ரமணியமும் பி.ஆர். சாரியும் ஐ.ஏ.எஸ். அப்புறம் ஜஸ்ஜித் சிங், விமானப்படை. அவருக்குப் பின் கே. சந்தானம், டி.ஆர்.டி.ஓ. என்ற அரசு பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் விஞ்ஞானி. அரவிந்த் குப்தா, ஜெயந்த் பிரசாத், சுஜன் சினாய் என்று பின்னால் வந்தவர்கள் ஐ.எஃப்.எஸ்., அதாவது வெளியுறவுப் பணி அதிகாரிகள். இன்னொரு பெரிய நிறுவனம், 1943-ல் தொடங்கிய உலக விவகாரங்களுக்கான இந்திய கவுன்சில். சப்ரு ஹவுஸ் என்றால் டெல்லியில் எல்லோருக்கும் தெரியும். அங்கேயும் டைரக்டர் ஜெனரல் நாற்காலியில் நளின் சூரி, டி.சி.ஏ. ராகவன், விஜய் தாக்கூர் சிங் என்று ஓய்வுபெற்ற தூதர்கள்தான்.

அந்தத் தூதர்களுக்குத் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இருபது வருடம் ஒரே நாட்டைப் பற்றிப் படித்து, அந்த ஊர் மொழி கற்று, ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று காத்துக் கிடக்கும் ஆய்வாளர், கடைசியில் புதிதாக ஓய்வுபெற்று வந்தவருக்கு உரை எழுதிக் கொடுப்பதைப் பார்த்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹாஸ் அரசிலும் ஆய்விலும் மாறி மாறி இருந்தவர். வெளியுறவுத் துறையில் கொள்கைத் திட்டமிடலைக் கவனித்துவிட்டு 2003-ல் வெளியுறவு கவுன்சில் என்ற அந்த ஊர் திங்க் டேங்குக்குத் தலைவராகி, இருபது வருடம் இருந்தார். அங்கே கதவு இரண்டு பக்கமும் திறக்கிறது. இங்கே ஆய்வாளர் அமைச்சகத்துக்குள் போவது அபூர்வம்.

சரி, சுப்ரமணியம் விஷயத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பெயரை வைத்துத்தான் பல பெற்றோர்களை மயக்குகிறார்கள். அவர் 1929-ல் திருச்சியில் பிறந்தவர், சென்னை பிரசிடென்சி கல்லூரியில் வேதியியல் படித்தவர் என்பதெல்லாம் உண்மை. ஆனால் 1951-லேயே ஐ.ஏ.எஸ். ஆகிவிட்டார். பாதுகாப்பு அமைச்சகத்தில் வேலை பார்த்தார். 1966-67-ல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் ராக்ஃபெல்லர் ஃபெலோவாக இருந்துவிட்டு வந்த பிறகுதான் 1968-ல் ஐ.டி.எஸ்.ஏ. டைரக்டர் பதவி. அதுவும் அரசு அதிகாரியாக இருந்துகொண்டே. 1975-ல் அங்கிருந்து கிளம்பி, எமர்ஜென்சி காலத்தில் தமிழ்நாட்டின் உள்துறைச் செயலாளர். அப்புறம் டெல்லியில் கூட்டு உளவுக் குழுத் தலைவர், பாதுகாப்பு உற்பத்திச் செயலாளர். 1980-ல் மறுபடியும் ஐ.டி.எஸ்.ஏ., 1987 வரை. அதற்குப் பிறகு பத்திரிகை எழுத்து, கார்கில் மறுஆய்வுக் குழுத் தலைமை.

இதில் எந்த இடத்தில் காசு கட்டிப் படித்த ஃபெலோஷிப் பயிற்சி வருகிறது? இன்னொன்றும் கவனியுங்கள். இந்தியா அணுகுண்டு செய்ய வேண்டும் என்று, அரசு அதைக் காதில் வாங்க விரும்பாத காலத்திலேயே அவர் விடாமல் எழுதினார். அந்தத் துணிச்சல் அவருடைய சொந்த குணம்தான், சந்தேகமில்லை. ஆனாலும் காலுக்குக் கீழே ஐ.ஏ.எஸ். என்ற நிலம் இருந்தது. ஒரு வருட ஒப்பந்தத்தில் இருக்கும் ஆய்வாளர் அப்படி எழுதிவிட்டு அடுத்த மாத வாடகையைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க முடியாது. ஆகவே சுப்ரமணியத்தைப் போல் ஆக வேண்டும் என்றால் வழி நேரானது: சிவில் சர்வீஸ் தேர்வு. அவருடைய மகன் ஜெய்சங்கரும் ஐ.எஃப்.எஸ். வழியாகத்தான் வெளியுறவு அமைச்சர் வரை போனார்.

அரசுப் பணி இல்லாமல் வந்தவர்களும் இருக்கிறார்கள். சி. ராஜா மோகன் ஐ.டி.எஸ்.ஏ.வில் ஆய்வாளராக இருந்து, தி இந்து நாளிதழுக்குப் போய், பிறகு 2016-ல் கார்னெகி இந்தியா என்ற டெல்லி திங்க் டேங்கின் முதல் டைரக்டர் ஆனார். மும்பையில் கேட்வே ஹவுஸ் என்ற திங்க் டேங்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான மஞ்சீத் கிருபளானி பத்திரிகையாளர். எழுதி எழுதிப் பெயர் வாங்கியவர்கள் இவர்கள். ராஜா மோகன் ஆய்வுக்குள் வந்ததிலிருந்து அந்த நாற்காலிக்குப் போகச் சுமார் முப்பது வருடம் ஆனது.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு என்ன வேலை என்றும் மகளுக்குச் சொல்லுங்கள். அங்கே ஆய்வு கொஞ்சம்தான். பணம் திரட்டுவது, அமைச்சகத்தோடு உறவைக் காப்பது, கருத்தரங்கு நடத்துவது, ஊழியர்களுக்குச் சம்பளம் போடுவது இதிலேயே நாள் போய்விடும். டெல்லி சென்டர் ஃபார் பாலிசி ரிசர்ச் 1973-லிருந்து இயங்குவது, மதிப்புள்ள நிறுவனம். 2023 பிப்ரவரியில் அதன் வெளிநாட்டு நிதி உரிமத்தை மத்திய அரசு நிறுத்தி வைத்தது, 2024 ஜனவரியில் ரத்தே செய்தது. இடையில் ஊழியர்களில் பெரும்பாலோர் வெளியேற வேண்டி வந்தது. எவ்வளவு நல்ல ஆராய்ச்சி என்பது அங்கே உதவவில்லை.

இப்போது தரகர்கள். பணம் வாங்கிக்கொண்டு இன்டர்ன்ஷிப் தருகிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். நல்ல நிறுவனங்கள் இன்டர்ன்களுக்குச் சம்பளம் தராமல் போகலாம், அது வேறு அநியாயம். ஆனால் அவர்கள் கட்டணம் கேட்பதில்லை. அறிவிப்பு அவர்களுடைய சொந்தத் தளத்திலேயே வரும், நடுவில் ஆள் தேவையில்லை. அதே கூட்டம் இன்னும் சிலவற்றையும் விற்கும்: ஐயாயிரம் கட்டினால் ஒரு வாரத்தில் கட்டுரை வெளியிடும் 'சர்வதேச' ஆய்விதழ், ஒரு மாலை நேரத்தில் கிடைக்கும் 'ரிசர்ச் ஃபெலோ' அடையாள அட்டை, மாதிரி ஐ.நா. சபைச் சான்றிதழ்கள். சுயவிவரத்தில் இவை வரிசையாக இருந்தால், படிக்கிற ஆய்வாளருக்கு முதலில் சந்தேகம்தான் வரும். வெளிநாட்டு எம்.ஏ.வுக்கு நாற்பது லட்சம் கல்விக் கடன் வாங்கித் தருகிறோம் என்று அடுத்து வருவார்கள். இந்தத் துறையின் ஆரம்பச் சம்பளத்தில் அந்தத் தவணையைக் கட்ட முடியாது.

மகள் செய்ய வேண்டியது குறைவு, ஆனால் நேரம் பிடிக்கும். ஒரு நாட்டையோ ஒரு பிரச்சினையையோ பிடிக்கட்டும். 'புவி அரசியல்' என்று பொதுவாகச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இலங்கையை எடுத்து, சிங்களம் படிக்கத் தெரிந்துகொண்டால் டெல்லியில் அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு. சீன மொழி, பர்மிய மொழி என்றாலும் சரி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு, உத்தி சார் துறையும் தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வு மையமும் இருக்கின்றன. அங்கே நடக்கும் கருத்தரங்குகளுக்குப் போய்வரட்டும். அப்புறம் பி.எச்டி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். அந்தத் தேர்வையாவது ஒழுங்காக நடத்துகிறார்களா என்றால், 2024 ஜூனில் ஒன்பது லட்சம் பேர் எழுதிய மறுநாளே ரத்து செய்தார்கள். யாரைப் போய்த் திட்டுவது?

கொடுத்த பதினைந்தாயிரத்துக்கு ரசீது வாங்கியிருந்தால் பத்திரமாக வையுங்கள். இல்லாவிட்டால் வாட்ஸ்அப் செய்திகளையும் ஜிபே பரிமாற்றப் பதிவையும் எடுத்து வையுங்கள். ஃபெலோஷிப் தரும் டெல்லி நிறுவனம் எது என்று எழுத்தில் கேளுங்கள். பெயர் சொன்னால், அந்த நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி இவர்களோடு ஏற்பாடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். பதில் வரும்வரை காத்திருக்காமல் பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் கொடுங்கள். மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம், தமிழிலேயே பேசலாம்.