கிரேடு 2 என்று தெரிந்த பிறகும் கட்டிக்கு மரபணுப் பரிசோதனை எதற்கு?

அப்பாவுக்கு 52 வயது, மூளைக் கட்டி, பயாப்ஸியில் கிரேடு 2 கிளியோமா (மூளையின் துணைச் செல்லில் வரும் கட்டி; கிரேடு எண் ஏற ஏறத் தீவிரம் அதிகம்) என்று வந்துவிட்டது, இதற்கு மேல் மரபணுப் பரிசோதனைக்கும் பணம் கட்டச் சொல்கிறார்கள், அது தேவைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவை. நான் டாக்டர் இல்லை. என் தம்பிக்கு 2014இல் இதே கிரேடு 2 வந்தது. அன்றிலிருந்து அவன் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்.

அப்போது அவனுக்கு 31 வயது. விடியற்காலையில் தூக்கத்திலேயே வலிப்பு வந்தது. ஸ்கேனில் முன்மூளையின் வலப்பக்கம் கட்டி. ஆபரேஷனில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். பயாப்ஸியில் ‘ஒலிகோஅஸ்ட்ரோசைட்டோமா’, அதாவது இரண்டு வகைச் செல்லும் கலந்த கட்டி என்று எழுதியிருந்தது. மனசு கேட்காமல் ஸ்லைடை வேறொரு ஊரில் காட்டினோம். அங்கே ‘அஸ்ட்ரோசைட்டோமா’, அதாவது ஒரே வகைச் செல்லின் கட்டி என்றார்கள். யாரோ ஒருவர் தப்பு செய்துவிட்டார் என்று நான் அன்றைக்கு அழுதேன். உண்மையில் இருவர் மேலும் குற்றமில்லை. மைக்ரோஸ்கோப்பில் தெரியும் செல்லின் தோற்றத்தை வைத்தே பெயரும் கிரேடும் சொன்ன காலம் அது. இந்தக் கலப்பு வகையில் அனுபவசாலிகளே ஆளுக்கொன்று சொல்வது வழக்கமாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2016இல் மரபணு மாற்றத்தையும் சேர்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும் என்று மாற்றியது. 2021இல் வந்த வகைப்பாட்டில் அந்தக் கலப்புப் பெயரே இல்லை.

2021இல் தம்பியின் ஸ்கேனில் மிச்சமிருந்த கட்டி கொஞ்சம் வளர்ந்திருந்தது. புது டாக்டர் சிகிச்சையைத் தொடங்கும் முன் பழைய பிளாக்கைக் கேட்டார். பிளாக் என்பது ஆபரேஷனில் எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் சின்ன மெழுகுத் துண்டு. முதல் மருத்துவமனையில் அதை வாங்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. ஏழு வருடப் பழைய அந்த மெழுகிலிருந்துதான் எங்களுக்கு விடை வந்தது: ஐடிஎச்1 மரபணுவில் மாற்றம் இருக்கிறது, 1ஆம் குரோமோசோமின் குட்டைக் கையும் 19ஆம் குரோமோசோமின் நீண்ட கையும் சேர்ந்தே தொலைந்திருக்கின்றன. ரிப்போர்ட்டில் இதை 1பி/19க்யூ இழப்பு என்று எழுதுவார்கள். இரண்டும் சேர்ந்திருந்தால் அது ஒலிகோடெண்ட்ரோகிளியோமா. கதிரியக்கத்துக்கும் கீமோவுக்கும் நன்றாகக் கட்டுப்படுகிற வகை.

எவ்வளவு வித்தியாசம் என்று நீங்கள் கேட்பீர்கள். கிரேடு 3 ஒலிகோ கட்டிகளை வைத்து அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வின் நீண்டகால முடிவு 2013இல் வந்தது. 1பி/19க்யூ இழப்பு இருந்தவர்களில் கதிரியக்கம் மட்டும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 7.3 வருடம், கூடவே பிசிவி என்ற மூன்று மருந்துக் கீமோவும் எடுத்தவர்களுக்கு 14.7 வருடம். அந்த இழப்பு இல்லாதவர்களுக்கோ கீமோ எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இரண்டரை வருடத்தை ஒட்டித்தான். எல்லாருக்கும் ரிப்போர்ட்டில் இருந்தது கிரேடு 3தான். இந்த எண்களைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும், மறைத்தால் உங்களுக்குத் துரோகம். தம்பிக்குக் கதிரியக்கம் நடந்த ஆறு வாரமும் எங்களோடு காத்திருந்தவர் ஒரு ஓய்வுபெற்ற கண்டக்டர், 58 வயது. அவர் கட்டியும் மைக்ரோஸ்கோப்பில் கிரேடு 2 போலத்தான் இருந்ததாம். ஆனால் ஐடிஎச் மாற்றம் இல்லை. டெர்ட் என்ற வேறொரு மரபணுவில் மாற்றம், 7ஆம் குரோமோசோம் கூடுதலாகவும் 10ஆவது குறைந்தும் இருந்தன. 2021 விதிப்படி அது கிளியோபிளாஸ்டோமா, கிரேடு 4. கட்டி பார்க்கச் சாதுவாக இருந்தாலும் அதன் உள்ளே ஓடுவது வேறு. “ரெண்டுன்னு சொன்னவங்க எப்படிம்மா நாலுங்கறாங்க?” என்று அவர் மனைவி என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கு என்றால் சொல்லியிருப்பேன்: கட்டி மாறவில்லை அக்கா, அதை இப்போதுதான் சரியாகப் பார்த்திருக்கிறார்கள். கிரேடு 2 என்று நம்பிக் காத்திருந்தால் அவருக்குக் கிடைத்த மாதங்களும் கிடைத்திருக்காது.

இந்த ஐடிஎச் என்னதான் செய்கிறது? செல் சர்க்கரையை எரித்து சக்தியாக்கும் வழியில் வேலை செய்யும் ஒரு நொதி அது. மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியதும், செல்லுக்குத் தேவையான ஒன்றைச் செய்ய வேண்டிய நொதி 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட் என்ற வேண்டாத பொருளைக் குவிக்கிறது. எந்த மரபணு திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்ற கணக்கு அதனால் குழம்புகிறது. அப்படித்தான் கட்டி பிறக்கிறது. ஆனாலும் இந்த வழியில் பிறந்த கட்டி பெரும்பாலும் மெதுவாகவே வளர்கிறது. கிளியோமாவில் இது முதன்முதலாகத் தெரியவந்ததே 2008இல்தான். 2024 ஆகஸ்டில் இந்த நொதியையே அடக்கும் வோராசிடெனிப் மாத்திரைக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது, கிரேடு 2 கட்டிகளுக்கு. அதன் ஆய்வில் கட்டி மறுபடி வளரும் வரையான இடைநிலைக் காலம் 11 மாதத்திலிருந்து 27 மாதத்துக்கு மேல் போனது. ஐடிஎச் மாற்றம் இல்லாதவருக்கு அந்த மாத்திரையால் பயனில்லை. டெஸ்ட் எடுக்காமல் அதைப் பற்றிப் பேசவே முடியாது.

ஐடிஎச் மாற்றம் இருந்து 1பி/19க்யூ இழப்பு இல்லை என்றால் அது அஸ்ட்ரோசைட்டோமா. அப்போது சிடிகேஎன்2ஏ மரபணு இரண்டு பிரதியும் அழிந்திருக்கிறதா என்று பார்த்தார்களா எனக் கேளுங்கள். அழிந்திருந்தால் தோற்றம் எப்படி இருந்தாலும் கிரேடு 4 என்றே எடுத்துக்கொள்வார்கள்.

‘மரபணு’ என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் வீட்டில் வந்த பயம் உங்கள் வீட்டிலும் வந்திருக்கும். தம்பி மனைவி ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தாள், மகளுக்கும் வந்துவிடுமோ என்று. இந்த மாற்றங்கள் கட்டியின் செல்லில் மட்டும் உண்டானவை. அப்பாவின் ரத்தத்தில், விந்தணுவில் இருப்பவை அல்ல. உங்களுக்கு அவர் கொடுத்தவையும் அல்ல. லி-ஃப்ராமெனி, நியூரோஃபைப்ரோமடோசிஸ் மாதிரிக் குடும்ப வழி நோய்கள் இருக்கின்றன, அவை அரிது. அப்படிச் சந்தேகம் இருந்தால் டாக்டர் தனியாகக் கேட்பார்.

செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்க வேண்டாம். முதலில் ஐடிஎச்1, ஏடிஆர்எக்ஸ் என்ற இன்னொரு மரபணு, இரண்டுக்கும் ஸ்லைடில் சாயம் ஏற்றிப் பார்க்கும் சாயச் சோதனை செய்வார்கள். அது விலை குறைவு. ஐடிஎச் ‘நெகட்டிவ்’ என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். அந்தச் சாயம் ஐடிஎச் மாற்றங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதைத்தான் பிடிக்கும். அப்பாவுக்கு 55 ஆகவில்லை என்பதால் மரபணுவை நேராகப் படிக்கும் சோதனை அவசியம்.

இன்னொன்று. ரிப்போர்ட்டில் பயாப்ஸி எண் இருக்கும், அதை இன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். அந்த எண்ணைச் சொன்னால்தான் பிளாக்கைத் தேடி எடுப்பார்கள். ஸ்லைடு மட்டும் போதும் என்று கவுண்டரில் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம், பிளாக்கும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.