நாற்பது வயதில், சுமாரான நீச்சலோடு சர்ஃபிங் கற்க முடியுமா? சென்னைக்குப் பக்கத்தில் எங்கே போகலாம்?

முடியும். நான் 41 வயதில் தொடங்கினேன். நீச்சலும் அப்போது சுமார்தான்.

இடத்துக்கு அலைய வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம், அதற்கும் தெற்கே மாமல்லபுரம், இரண்டிலும் சொல்லித் தருகிறார்கள். கோவளத்தில் இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் மூர்த்தி மேகவன் என்ற மீனவர். இன்று அங்கே சொல்லித் தருபவர்களில் பலர் கடலோரத்தில் பிறந்து வளர்ந்த பையன்கள்தான். அலை எங்கே உடையும், இழுப்பு (ஆளைக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம்) எந்தப் பக்கம் என்று கரையில் நின்றே சொல்லிவிடுவார்கள். எனக்கு அதுதான் பெரிய சான்றிதழ்.

பணம் கட்டும் முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? நான் முதலில் போன இடத்தில் (பெயர் வேண்டாம்) ஏழு பேருக்கு ஒருவர். அதுவும் பத்து மணி வெயிலில். என் முறை வருவதற்குள் தோல் கருகிவிட்டது. இரண்டு, மூன்று பேருக்கு ஒருவர் என்றால் சரி. காலை ஆறு, ஆறரை வகுப்பாகப் பாருங்கள். நேரம் ஏற ஏறக் கடற்காற்று கிளம்பி அலை கலைந்துபோகும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும், அப்போது வேண்டாம்.

இனி தயாரிப்பு. எல்லாரும் கால் வலிமையை நினைக்கிறார்கள். உண்மையில் முதலில் சோர்வது தோள்தான், ஏனென்றால் பாதி நேரம் பலகையில் குப்புறப் படுத்துத் துழாவிக்கொண்டுதான் இருப்போம். அதனால் ஒரு மாதம் முன்பே வாரம் மூன்று நாள் நீச்சல் போய்விடுங்கள். வீட்டில் பாயில் குப்புறப் படுத்து, மார்புக்குப் பக்கத்தில் கைகளை ஊன்றி, முட்டி தரையில் படாமல் ஒரே மூச்சில் எழுந்து நிற்கப் பழகுங்கள். நான் தினம் இருபது முறை செய்தேன். வீட்டில் சிரித்தார்கள், ஆனால் தண்ணீரில் அதுதான் காப்பாற்றியது. பலகையில் நிற்கும்போது எந்தக் கால் முன்னே வரும் என்று தெரிய வேண்டுமா? யாரையாவது திடீரென்று பின்னாலிருந்து லேசாகத் தள்ளச் சொல்லுங்கள். தன்னால் முன்னே போகிற கால்தான் பெரும்பாலும் அது.

முதல் நாள் இடுப்பளவுத் தண்ணீரில், உடைந்து வரும் நுரை அலையில்தான் பழக்குவார்கள். பலகை எட்டு, ஒன்பது அடி நீளம், மேலே மெத்தென்று இருக்கும். விழும்போது தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழுங்கள், மேலே வரும்போது கையால் தலையை மறைத்துக்கொள்ளுங்கள். பலகையை உங்களுக்கும் அலைக்கும் நடுவில் வைக்கவே கூடாது; அலை அதைத் தூக்கி உங்கள் மேலேயே அடிக்கும். இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கிப் போராடாமல் பக்கவாட்டில் நகருங்கள்.

முழுக்கை ரேஷ் கார்டு (உடம்போடு ஒட்டிய நீச்சல் மேல்சட்டை) கட்டாயம். இல்லாவிட்டால் பலகை உரசி மார்பும் வயிறும் எரியும். முழங்கால் வரை இறுக்கமான கால்சட்டை போதும். அப்புறம், மோதிரம், செயினை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். என் மோதிரம் இன்னும் கோவளத்துக் கடலில்தான் இருக்கிறது.