பென்சில் பருமன் கன்றுக்குப் பீங்கான் தட்டு எதற்கு?

கேள்வி: ஃபைகஸ் (ஆல், அத்தி இனம்) கன்று ஒன்றைப் போன்சாயாக, அதாவது தொட்டியில் குட்டை மரமாக, வளர்க்க ஆசை. அடிமரம் இன்னும் பென்சில் பருமன்தான். ஆழம் குறைந்த, மெருகிட்ட பீங்கான் தட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இப்போதே அதில் நட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். தட்டைத் துடைத்துப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அடிமரம் பருக்க வேண்டுமென்றால் கிளைகள் தடையின்றி ஓட வேண்டும்; கிளை ஓட, கீழே வேர் ஓட வேண்டும். சிறு தட்டு அந்த ஓட்டத்தை அடக்கிவிடும். முதிர்ந்த மரத்துக்கு அந்த அடக்கம் நல்லது. கன்றை இப்போதே அடக்கினால் பல ஆண்டுகளுக்குப் பென்சிலாகவே நிற்கும்.

இதைச் சொன்னதும் பலர் மிகப் பெரிய தொட்டிக்குத் தாவிவிடுகிறார்கள். வேர் எட்டாத மண்ணில் ஈரம் காயாமல் தேங்கி, வேர் அழுகும். வேரும் அதைப் பற்றிய மண்ணும் சேர்ந்த உருண்டையை, அதாவது வேர்ப்பந்தை, சுற்றி 4 அல்லது 5 செ.மீ. இடம் இருந்தால் போதும்.

நான் முதலில் சொல்வது, காய்கறி கழுவும் பிளாஸ்டிக் கூடையைத்தான். வழவழப்பான தொட்டியில் வேர் சுவரை முட்டியதும் அதை ஒட்டியே வட்டமடிக்கும். கூடையிலோ, துளை வழியே தலை நீட்டும் வேர் நுனி காற்றுப் பட்டுக் காய்ந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் பக்க வேர்கள் கிளைக்கின்றன. போன்சாய்க்கு வேண்டியது இந்தச் சல்லி வேர்கள்தான். ஒரு சிரமம் உண்டு: கூடை வேகமாகக் காயும். கோடையில் தினம் இருமுறை நீர் ஊற்ற இயலாதென்றால் 8 முதல் 10 செ.மீ. ஆழமுள்ள மரப்பெட்டி நல்லது. அடிப்பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, மேலே வலை விரித்துக்கொள்ளுங்கள்.

ஆழம் குறைந்தால் நீர் சுலபமாக வடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஸ்பாஞ்சு ஒன்றை நீரில் தோய்த்து, உள்ளங்கையில் படுக்கையாக ஏந்துங்கள். சொட்டுவது நின்றதும் நெட்டுக்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் நீர் ஒழுகும். மண்ணும் அப்படித்தான். ஒரே மண்ணை எந்தத் தொட்டியில் இட்டாலும், அடியில் நீர் கட்டி நிற்கும் அடுக்கின் உயரம் ஏறக்குறைய ஒன்றே. ஆழமான தொட்டியில் அதற்கு மேலே காற்றோட்டமுள்ள மண் இருக்கும். தட்டிலோ பாதி மண் சொதசொதவென்றே கிடக்கும். அதனால் தோட்ட மண்ணை அப்படியே இடாதீர்கள். தூசி சலித்த, 3 முதல் 6 மி.மீ. அளவுள்ள பருக்கைகளால் ஆன, நீர் எளிதில் வடியும் மண் கலவை வேண்டும். கூடைத் துளை வழியே அது கொட்டியும் போகாது.

எதில் நட்டாலும் வேர்ப்பந்தைக் கம்பியால் தொட்டியோடு கட்டிவிடுங்கள். மரம் ஆடினால் புது வேர் நுனிகள் அறுந்துபோகும்.

பீங்கான் தட்டுக்கு மாற்றுவது, அடிமரம் விரும்பிய பருமனை எட்டி, முக்கியக் கிளைகள் அமைந்த பிறகுதான். தட்டின் ஆழம் அடிமரத்தின் விட்டத்துக்குச் சமமாகவும், நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்காகவும் இருப்பது பொதுக் கணக்கு. உங்கள் தட்டை இன்றே அளந்து பாருங்கள். ஆழம் 4 செ.மீ. என்றால், அடிமரமும் 4 செ.மீ. பருக்கும்வரை கூடையிலேயே இருக்கட்டும்.